காப்பகத்திலிருந்து வீடு வரை

வீடற்றோர் காப்பகம் அரசு காட்டும் கருணையன்று. போராடிப் பெற்ற உரிமை. டெல்லிக் குளிரில் தெருவோரம் உறங்கியோர் மடிந்தபோது, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தலையிட்டது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்குவதாக அமைய வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதனைத் திட்டமாக்கியது. நிதி இருந்தும் காப்பகங்கள் போதிய அளவில் எழாததால், 2016இல் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் குழு அமைத்து நிலைமையை ஆராய வேண்டிய கட்டாயம் உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்பட்டது.

இந்த விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர்; அவர்களுள் 9.38 லட்சம் பேர் நகரங்களில் வாழ்வோர். இவர்களுக்கு எத்தனை படுக்கைகள் உள்ளன என்று கேட்கிறோம். காப்பகத்துக்குள் வந்தவர்களுள் எத்தனை பேர் தமக்கென ஒரு முகவரியோடு வெளியேறினார்கள் என்று கேட்பதில்லை. காப்பகம் வீட்டுக்குச் செல்லும் வழியா, தெருவிலிருப்போரைப் பார்வையிலிருந்து அகற்றும் கிடங்கா என்பதை இந்த இரண்டாம் கேள்வியே தீர்மானிக்கிறது.

வெளியேறும் வழி ஆவணங்களில் தொடங்குகிறது. குடும்ப அட்டை இல்லாத பெண்ணுக்கு மகளிர் உரிமைத் தொகை எட்டாது. முகவரி இல்லாதவருக்கு வங்கிக் கணக்கும் முதியோர் ஓய்வூதியமும் எளிதில் வாய்ப்பதில்லை. ஆயினும் சட்டத்தில் சில கதவுகள் திறந்தே உள்ளன. வீடற்றவர் வாக்காளராகப் பதிவு செய்யக் குடியிருப்புச் சான்று தேவையில்லை. அவர் குறிப்பிடும் இடத்தில் உறங்குகிறாரா என்பதை வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் வந்து உறுதிசெய்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதிமுறை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, வீடற்ற மனநோயாளிக்கு அரசு மருத்துவமனைகளில் கட்டணமற்ற சிகிச்சையை உறுதிசெய்கிறது. குடும்பமோ வீடோ இல்லை என்பதற்காக மட்டும் எவரையும் மனநல நிறுவனத்தில் தொடர்ந்து அடைத்து வைக்கக் கூடாது என்றும் கூறுகிறது. 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி பான்யன்' அமைப்பு, நீண்ட காலம் நிறுவனங்களில் இருந்த பெண்களைச் சிறு குழுக்களாக வாடகை வீடுகளில் குடியமர்த்தி, துணைக்குப் பணியாளர்களையும் அமர்த்தி, இது நடைமுறைக்கு உகந்ததே என்று காட்டியிருக்கிறது.

இந்தக் கதவுகள் தாமாகத் திறப்பதில்லை. விண்ணப்பத்தை நிரப்புவதும், வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் துணைக்குச் செல்வதும், மாத்திரை தவறாமல் பார்ப்பதும், பிரிந்த உறவினரைத் தேடிப் பேசுவதும் காப்பகப் பணியாளர்களே. சென்னையில் காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே மாநகராட்சி நடத்துகிறது. ஆகவே இப்பணியாளர்கள் மாநகராட்சி ஊழியர் அல்லர். ஒருவர் தெருவிலிருந்து மீளும் உரிமை, பணிப்பாதுகாப்பற்ற இன்னொருவரின் பொறுமையை நம்பி நிற்பது அரசமைப்புக்கு அழகன்று.

ஆவணமும் வேலையும் கைக்கு வந்த பின்னும் ஒரு சுவர் எஞ்சியிருக்கிறது. அது சாதி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, பரோடா அரசின் பணிக்கு வந்த அம்பேத்கர், 1917இல் தாம் தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தீண்டப்படாதவர் என்பதற்காகவே வெளியேற்றப்பட்டார். பட்டமும் பதவியும் அவருக்கு அந்நகரில் ஒரு கூரையைத் தரவில்லை. ஒரே சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்று வீட்டு உரிமையாளர் கேட்பதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இன்றும் இல்லை. காப்பகத்திலிருந்து புறப்படும் தலித் ஒருவர் முதலில் எதிர்கொள்வது இக்கேள்வியைத்தான்.

அரசு தரும் மாற்று வீடோ வேறொரு சிக்கலைக் கொணர்கிறது. ஜார்ஜ் டவுனின் நடைபாதைகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் உள்ளன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக அமைந்த காப்பகம் குடும்பத்தைப் பிரிக்கும் என்பதால் அவர்கள் அங்கே செல்லத் தயங்குகின்றனர். சுமை தூக்குவதும் பூ விற்பதும் வீட்டு வேலையும் நகரின் நடுவே இருக்க, அவர்களுக்கு ஒதுக்கப்படும் குடியிருப்போ பெரும்பாக்கத்தில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதன் பொருள், வேலையைப் பறித்துத் தரும் வீடு முழுமையான வீடன்று என்பதே. அவ்வாறு சென்றவர் மீண்டும் நடைபாதைக்கே திரும்பினால் பிழை அவருடையதன்று.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக அமைய வேண்டும்: காப்பகப் பணியாளர்க்கு நிலையான பணியும் ஊதியமும், குடும்பமாகத் தங்கும் காப்பகங்கள், நகருக்குள்ளேயே குறைந்த வாடகையில் அரசுக் குடியிருப்புகள், வாடகையில் சாதிப் பாகுபாட்டைத் தண்டிக்கும் சட்டம்.

இதற்கான முதற்பணியை மாணவர்களே தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் மாநகராட்சியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கடந்த ஆண்டு ஒவ்வொரு காப்பகத்திலும் எத்தனை பேர் தங்கினர்? அவர்களுள் எத்தனை பேருக்கு ஆவணங்கள் கிடைத்தன? எத்தனை பேர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர்? 30 நாளில் பதில் தர வேண்டியது அவர்களின் கடமை. மூன்றாம் கேள்விக்குக் கணக்கே இல்லை என்று பதில் வந்தால், நம் வழக்குக்கு அதுவே முதற்சான்று.