நட்டுக்கு அடியில்

ரோலர் கோஸ்டர் தடம் புரண்டதும் செய்தியாளர்கள் முதலில் கேட்பது வேகத்தை. பராமரிப்புப் பொறியாளர் கேட்க வேண்டியது அச்சின் வயதை. மேற்சக்கரம், பக்கச் சக்கரம், அடிச்சக்கரம் மூன்றும் தண்டவாளத்தைக் கவ்வியிருக்கும்வரை பெட்டி எளிதில் வெளியேறாது. பெரிய விபத்துகள் பலவற்றில் கைவிட்டது அந்தச் சக்கரத் தொகுதிதான்.

1986இல் கனடாவின் எட்மன்டனில் மைண்ட்பெண்டர் என்ற ரோலர் கோஸ்டரின் கடைசிப் பெட்டியில் சக்கரத் தொகுதியின் போல்ட்டுகள் தளர்ந்தன, மூவர் இறந்தனர். 2003இல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் போல்ட்டுகளைச் சரியாக முறுக்கவில்லை, பாதுகாப்புக் கம்பியும் கட்டவில்லை, ஒருவர் இறந்தார். இவை கைத்தவறுகள். கவனமான மேற்பார்வையாளர் கண்டுபிடித்திருக்கலாம்.

ஜப்பானின் ஒசாகாவில் நடந்தது அப்படியல்ல. 2007 மே 5, சுயிதா நகரின் எக்ஸ்போலாண்டு கேளிக்கைப் பூங்கா. நின்றபடி பயணிக்கும் ஃபூஜின் ரைஜின் 2இல், இரண்டாம் பெட்டியின் அச்சு ஓட்டத்திலேயே முறிந்தது. பெட்டி சாய, 19 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். காரணம் உலோகச் சோர்வு. 1992இல் ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த அச்சை யாரும் மாற்றவில்லை. ஆண்டுக்கொரு முறை விரிசல் சோதனை செய்யச் சொல்கிறது ஜப்பானியத் தொழில்தரம். அவ்வாண்டுச் சோதனையோ விடுமுறைக் காலம் கழியட்டும் என்று தள்ளிப்போடப்பட்டிருந்தது.

அச்சு முறிந்தது நட்டு முறுக்கும் மரைப் பகுதியில். மரையின் அடிப்பள்ளத்தில் தகைவு குவியும். விரிசல் அங்கே பிறந்து, ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழையாக வளரும். மேலே நட்டு மூடியிருப்பதால் காலைநேரப் பார்வைச் சோதனைக்கு அது சிக்காது. கழற்றித் துடைத்து, காந்தத் துகள் சோதனையோ அல்ட்ராசோனிக் சோதனையோ செய்தால்தான் தெரியும்.

சோதனைகளைக் கூட்டினால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோதிப்பவரின் கையும் கண்ணும் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆயுள் முடிந்த அச்சைச் சோதனையில் தேறினாலும் கழிக்க வேண்டும். வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவது இன்னும் மோசம்: 2016இல் ஸ்காட்லாந்தில் ட்சுனாமி என்ற ரோலர் கோஸ்டர் தடம் புரள, அச்சில் செய்த பொருந்தாத வெல்டிங்கே காரணமானது. வெல்டிங்கின் வெப்பம் பட்ட இடம் கடினமாகி, நொறுங்கும் தன்மை பெற்று, புது விரிசலுக்கு வாசலாகிவிடும்.

ஆயுளைக் கணக்கிட ஒவ்வோர் அச்சுக்கும் தனி எண் வேண்டும். பெட்டிவாரியாக மட்டும் பதிவேடு வைத்தால், பட்டறையில் அச்சுகள் இடம் மாறிய மறுநாளே அந்தக் கணக்கு செல்லாது. எண்ணைத் தகைவு குறைந்த முனையில் பொறிக்கவும். மரை அருகே பொறித்தால் அந்த எழுத்தே விரிசலைத் தொடங்கிவைக்கும்.