குடியரசு தினமும் வெளிமாநிலத் தமிழரும்

ஜனவரி 26-ந் தேதி காலையில் கொடியேற்றம், கையில் ஒரு மிட்டாய், பிறகு வீட்டில் தூக்கம் அல்லது ஒரு சினிமா. ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழர்களில் பலருக்குக் குடியரசு தினம் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. ஓட்டல்களிலும் கட்டட வேலையிலும் இருப்போரில் பலருக்கு அந்தத் தூக்கமும் கிடையாது. அன்றும் வழக்கம் போல் வேலை, வழக்கமான கூலி. எதற்காக இந்த விடுமுறை என்று கேட்டால், சுதந்திர தினம் மாதிரி இன்னொரு நாள் என்பார்களே தவிர, அரசியல் சட்டம் அமலுக்கு வந்த நாள் என்று சொல்பவர்கள் சிலரே. உண்மையில், பிறந்த ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு மற்றவர்களைக் காட்டிலும் நெருக்கமான நாள் இது.

இந்த நகரின் பழைய கதையைத் திரும்பிப் பார்த்தால் அது விளங்கும். நிஜாம் ஆட்சியில் 1919-ல் வந்த முல்கி விதிகளின்படி, சமஸ்தானத்தின் அரசு உத்தியோகம் முல்கிகளுக்கு, அதாவது உள்நாட்டாருக்கு உரியது. வெளியிலிருந்து வந்த ஒருவர் முல்கி ஆக வேண்டுமானால் 15 ஆண்டுகள் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். அத்துடன், சொந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டதாக மாஜிஸ்திரேட் முன்னிலையில் பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டும். பொங்கலுக்கு ஊர் போக ரயிலில் இடம் கிடைக்குமா என்று தவிக்கும் மனிதனிடம், ஊரை மறந்துவிட்டேன் என்று எழுதிக் கொடு என்று கேட்டது போன்றது அது.

1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்தியாவின் வசம் வந்தது. இந்திய அரசியல் சட்டத்தை ஏற்பதாக நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1949 நவம்பர் 23-ல் பிர்மான் வெளியிட்டார். மூன்று நாட்களுக்குப் பின் அரசியல் நிர்ணய சபை அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது. 1950 ஜனவரி 26-ல் அது அமலுக்கு வந்தது. அன்று நிஜாம் ராஜப்பிரமுகர் ஆனார். அவருடைய பிரஜைகள் குடிமக்கள் ஆனார்கள்.

இந்தியாவின் எப்பகுதிக்கும் தடையின்றிச் செல்லவும், எங்கும் குடியேறி வாழவும் அச்சட்டத்தின் 19-வது பிரிவு குடிமகனுக்கு உரிமை தருகிறது. பிறந்த இடத்தையோ, வசிக்கும் இடத்தையோ காட்டி அரசு வேலையை மறுக்கலாகாது என்கிறது 16-வது பிரிவு. இன்ன இடத்தில் வசிப்பவருக்கே வேலை என்று நிபந்தனை விதிக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் மட்டுமே அதற்குச் சட்டம் செய்யலாம்.

ஏட்டில் எழுதியது வீதியில் உடனே நடந்துவிடவில்லை. 1952 செப்டம்பரில் முல்கி அல்லாதார் திரும்பிப் போகவேண்டும் என்று மாணவர்கள் இந்நகரில் ஊர்வலம் வந்தனர். இட்லி சாம்பாரே, திரும்பிப் போ என்ற கோஷமும் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கோஷத்தில் கசப்பு இருந்தாலும் அதன் அடியில் நியாயம் இல்லாமல் இல்லை. பொய்ச் சான்றிதழ் காட்டி வெளியார் உத்தியோகங்களைப் பிடிக்கிறார்கள் என்பதே உள்ளூர் இளைஞர்களின் குறை. முல்கி விதிகள் செல்லும் என்று 1972 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மீண்டும் கிளர்ச்சி மூண்டு, 1973-ல் ஆறு அம்சத் திட்டம் உருவாயிற்று. முல்கி விதிகள் ரத்தாகி, அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவு சேர்ந்தது. மாநில அரசு வேலைகளில் உள்ளூராருக்கு ஒதுக்கீடு அதன் மூலம் வந்தது. ரயில்வே, தபால் போன்ற மத்திய அரசு இலாகாக்களை அது கட்டுப்படுத்தாது.

உள்ளூராருக்கு அளித்த இந்தக் காப்பைத் தமிழர்கள் குறை கூறுவது முறையாகாது. தமிழ்நாட்டு வேலை தமிழ் இளைஞனுக்கு என்று கேட்பவர்கள், இங்கே தெலுங்கு இளைஞன் அதையே கேட்டால் தவறு என்று சொல்ல முடியுமா? அதே சமயம், இங்கு வாழ்வது யாரோ போட்ட பிச்சை என்று தமிழன் கூனிக் குறுகவும் தேவையில்லை. உள்ளூரானைக் காக்கும் அதே ஏடுதான் வந்தவனையும் காக்கிறது.

ஆனால், உரிமை இருப்பதை அறியாதவனுக்கு அது இருந்தும் பயனில்லை. ஆந்திரப் பிரதேசத்தில் 1974-ல் வந்து, தெலங்கானாவிலும் தொடரும் விடுமுறைச் சட்டம் ஒன்று உண்டு. தொழிற்சாலைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு ஜனவரி 26 சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்கிறது அது. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தரவேண்டும். அல்லது சம்பளத்துடன் வேறொரு நாள் விடுமுறை தரவேண்டும். மேஜை துடைக்கும் பையனுக்கு இதை யார் சொன்னார்கள்? மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மாநிலம் வசதி செய்ய முயலவேண்டும் என்று 1956-ல் சேர்ந்த 350-ஏ பிரிவு கூறுகிறது. அதைக் காட்டி மனுச் செய்த பெற்றோர் எத்தனை பேர்?

அரசியல் சட்டம் தமிழிலும் அச்சில் இருக்கிறது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் குடியரசு தினத்தன்று மாலை பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் முன்பாக அரை மணி நேரம் ஒதுக்கி, இந்த நான்கைந்து பிரிவுகளைப் படித்து விளக்கலாம். கையெழுத்துப் போடத் தெரிந்த குமாஸ்தா, கைநாட்டு வைக்கும் தொழிலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மனு எழுதித் தரலாம். அதற்குப் பெரிய செலவில்லை. ஆபீஸில் கிடைத்த ஒரு நாள் ஓய்வில் ஒரு மணி நேரம் போதும்.