ஏழரை விட்டதா, இல்லையா?

எதிர் வீட்டு மாமியின் பிள்ளைக்கு மகர ராசி. ஏழரைச் சனி விட்டதும் கல்யாணம் என்று வைத்திருந்தாள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29-ஆம் தேதியே சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போய்விட்டார். வாக்கியப் பஞ்சாங்கத்திலோ 2026 மார்ச் 6. திருநள்ளாற்றில் வாக்கியந்தான். பெண் வீட்டாரும் வாக்கியம்!

2025 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை மாமியை ஜவ்வாது மலைக்கு, காவலூர் வானாய்வுக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். தொலைநோக்கியில் சனி பகவான் சின்ன முத்தாகத் தெரிந்தார். வளையம் மெல்லிய கோடு.

"இப்போ கும்பத்திலே இருக்காரா, மீனத்திலேயா?"

"ராசிக்கு மேலே கோடு போட்டிருக்கவில்லையே, அம்மா!" என்றார் அங்கிருந்த இளைஞர்.

வாக்கியம் பழைய சூத்திரக் கணக்கு. திருக்கணிதம் இன்றைய வானக் கணிப்பை ஒட்டித் திருத்தியது. சனியோ மந்தன். ஒரு ராசியைக் கடக்க இரண்டரை வருஷம். ஆகவே சில பாகை வித்தியாசமே மாதக் கணக்கில் தள்ளிவிடுகிறது.

பஸ்ஸில் இறங்கும்போது, குவாதமாலாவின் மாயா மக்களைப் பற்றிச் சொன்னேன். 13 எண்கள், 20 நாட்பெயர்கள். இரண்டும் சேர்ந்து சுற்றி 260 நாளில் பழைய இடத்துக்கு வரும். கிரகத்தைப் பார்க்க வேண்டாம், நேற்று என்ன நாள் என்று தெரிந்தால் போதும். அங்கே மலையூர்களில் இன்றும் அதை வைத்துச் சடங்குகளுக்கு நாள் குறிக்கிறார்கள்.

"ஏழரையே கிடையாதா? அப்போ கல்யாணம் தட்டிப்போனா யார்மேலே பழி போடுவா?" என்றாள் மாமி.

ஆலங்காயம் தாண்டியதும் அவளே தீர்ப்புச் சொன்னாள்: "தையிலே பெண் பார்த்துடலாம். முகூர்த்தம் மட்டும் மார்ச் ஆறுக்கு அப்புறம்."