மேஜைக்கு ஒரு கோலம்

வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தால் போதாதா, கோலம் எதற்கு என்று யாராவது கேட்பார்களா? கம்ப்யூட்டர் விஷயத்திலும் எனக்கு அந்த ஆசை வந்தது. அதனால் பட்ட அவஸ்தையைக் கேளுங்கள்.

நாலைந்து குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் மூலம் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். விடுமுறைக்கு வந்த என் பிள்ளை, "டெஸ்க்டாப்பை இப்படி வெறிச்சென்று வைத்திருக்கிறாயே, அம்மா!" என்று 'ரெயின்மீட்டர்' என்ற இலவசப் புரோகிராமை ஏற்றினான். விண்டோஸுக்காக 2001-ல் வந்தது அது. கடிகாரம், காலண்டர் எல்லாம் கண்ணெதிரே வந்துவிட்டன. கூடவே சி.பி.யூ., ரேம், டிஸ்க் என்று மூன்று அளவுகள்.

"இதெல்லாம் என்னடி?" என்று கேட்டார் என் மாமியார்.

"சி.பி.யூ. நம் அடுப்பு மாதிரி அம்மா; எவ்வளவு எரிகிறது என்று காட்டும். ரேம் சமையல் மேடை, டிஸ்க் சாமான் அறை" என்றேன்.

ஆசை அதோடு நின்றதா? எங்கிருந்தோ ஓடும் ஆறு, அசையும் அலை என்று நானே சேர்த்துக் கொண்டேன். ஒரே மாதம்! பாட்டு வகுப்பில் குழந்தை வாய் திறந்து, ஸ்வரம் பின்னால் வந்தது. "ஒழுங்காகக் கேட்கவில்லையே" என்று இரண்டு தாய்மார் குறைப்பட்டுக் கொண்டார்கள்.

"மெஷின் பழசு. சீட்டுப் பணத்தில் புதிது வாங்கிவிடலாம்" என்றார் என் கணவர். அதுவோ மாமியாரின் கண் ஆபரேஷனுக்கு வைத்த பணம்! நான் வாயடைத்து நின்றேன்.

மாமியார் கண்ணை இடுக்கிக்கொண்டு திரையருகில் போனார். "ஏண்டி, நீ ஒன்றுமே செய்யவில்லை. அடுப்பில் பாத்திரமே இல்லாதபோது 90 என்று எதற்கு எரிகிறது?"

சுருக்கென்றது எனக்கு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' வரும். அதில் சி.பி.யூ. என்ற தலைப்பைத் தொட்டால், அதிகம் சாப்பிடுகிறவர் முதல் வரிசையில் நிற்பார். நின்றது யார்? நான் ஆசையாய் வைத்த ஆறு! அதை எடுத்தேன், எண் மளமளவென்று இறங்கியது.

சகோதரிகளே, அலங்காரத்துக்கும் அடுப்பு எரிய வேண்டும். ஆகவே இரண்டு மூன்று போதும். ஓடி ஆடுகிறவை வேண்டாம். பட்டியலில் தெரியாத பெயரைக் கண்டு அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். விண்டோஸ் தன் வேலையாகவே சற்று நேரம் எரிக்கக்கூடும். முன்பின் தெரியாதவர் தரும் ஸ்கின்னையும் ஏற்றாதீர்கள். விஸ்டா, விண்டோஸ் 7-ல் இருந்த 'காட்ஜெட்'கள் வழியாக விஷமிகள் நுழையலாம் என்று 2012-ல் மைக்ரோஸாப்டே அவற்றை அணைத்துவிடச் சொல்லியது.

ஆபரேஷன் நல்லபடியாய் முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் மாமியார் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அஞ்சுதான் எரிகிறது. பாட்டை ஆரம்பி!"