முதல் ஐந்து ஆட்டங்களின் ஜோஸ்யம்

கால்பந்துப் பருவம் தொடங்கி ஒரு மாதம் ஆவதற்குள், பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரல் பக்கமாகக் கலைந்து செல்லும் ரசிகர் கூட்டத்தில், ஆண்டுதோறும் தவறாமல் ஒரு வாக்கியம் காதில் விழும்: "இந்த வருஷம் அவ்வளவுதான், சார்." சென்னையின் எஃப்சி அணி முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றிருந்தால் இவ்வாக்கியம்; வென்றிருந்தால், அதே வாய்கள் அதே நிச்சயத்தோடு, "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்று மாற்றிச் சொல்லும். துக்கமும் குதூகலமும் வேறுவேறாயினும் இரண்டுக்கும் ஆதாரமான சித்தாந்தம் ஒன்றே. ஓர் அணியின் முழுப் பருவத்துக்குமான தலையெழுத்து அதன் முதல் நான்கைந்து ஆட்டங்களிலேயே எழுதி முடிந்துவிடுகிறது என்பதும், கண்ணுள்ளவன் அதை அப்போதே வாசித்துவிடலாம் என்பதும்தான் அது. கேள்வி கேட்டால், விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள்; இன்னும் அழுத்திக் கேட்டால், முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். பழமொழி இரண்டு துணைக்கு இருந்துவிட்டால் நம்மவர்களுக்கு வேறு பிரமாணம் வேண்டியதில்லை.

இந்த அபிப்பிராயம் வெறும் பாமரப் பேச்சாக இருந்தால் அதைக் கண்டிப்பதற்கு ஒரு கட்டுரை அநாவசியம். ஆனால் தொலைக்காட்சியில் கோட்டும் டையும் அணிந்து அமர்ந்திருக்கும் பண்டிதர்களும், கழகங்களை நடத்தும் தனவந்தர்களும், பயிற்சியாளரைப் பதவியில் வைப்பதா நீக்குவதா என்று தீர்மானிக்கிறவர்களும் இதே சித்தாந்தத்தைத்தான் சற்றுப் பெரிய சொற்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியமாகிறது. சோதிப்பதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதுமில்லை, நம் ஊர் அணியின் சரித்திரமே போதும்.

2015-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியன் சூப்பர் லீக்கின் இரண்டாவது பருவம் அது. எட்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் லீக் சுற்றில் 14 ஆட்டங்கள். அக்டோபர் மாதத் தொடக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சென்னை அணி, சொந்த ஊரில், சொந்த ஜனங்களின் முன்னிலையில், அத்லெடிகோ டி கொல்கத்தாவிடம் 3-2 என்று தோற்றது. இரண்டாவது ஆட்டத்துக்கு டெல்லி சென்று அங்கும் தோற்றுத் திரும்பியது. அதே வாரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சியில் தன் முதல் ஆட்டத்தை 3-1 என்று வென்றது. பயிரை முளையில் பார்த்து மதிப்பிடுகிற அன்பர் எவரும் அன்று எந்த அணியின் பக்கம் சாய்ந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. பருவம் முடிந்தபோது கேரளா எட்டாவது இடத்தில், அதாவது கடைசியில், இருந்தது. சென்னையின் கையில் கோப்பை இருந்தது.

இடையில் நடந்ததைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொல்வது நியாயமாகாது. சென்னை அணி இரண்டு தோல்விகளுக்குப் பின் உடனே விழித்தெழுந்துவிடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் கோவாவை அதன் ஊரிலேயே 4-0 என்று முறியடித்தது, கொலம்பியா தேசத்து மெண்டோஸா அதில் மூன்று கோல்கள் அடித்தார் என்பது உண்மை. ஆயினும் அந்த வெளிச்சம் நீடிக்கவில்லை. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது அணியின் கணக்கில் இருந்தவை பத்தே புள்ளிகள், ஆறு தோல்விகள். ஐந்து ஆட்டங்களில் தலையெழுத்தைப் படிப்பவர்களுக்குப் பத்து ஆட்டங்கள் என்பது இரட்டிப்பு ருசு அல்லவா? மடெராஸி என்ற இத்தாலியப் பயிற்சியாளரின் கீழ் விளையாடிய அவ்வணி, எஞ்சியிருந்த நான்கு ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளோடு அரையிறுதிக்குள் நுழைந்தது. டிசம்பர் மாதத்து வெள்ளம் சென்னையைச் சூழ்ந்திருந்ததால், சொந்த ஊரில் நடக்க வேண்டிய அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் ஆட நேர்ந்தது. அங்கும் 3-0 என்று கொல்கத்தாவை வென்று, அந்த அனுகூலத்தாலேயே இறுதிக்குச் சென்றது.

டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டம், என் வாதத்துக்கென்றே ஒருவர் எழுதிவைத்த நாடகம் போல அமைந்துவிட்டது. இடைவேளைக்குப் பின் புருனோ பெலிஸாரி கோல் அடித்துச் சென்னை முந்தியது. நாலைந்து நிமிஷங்களில் கோவா சமன் செய்தது. 87-ஆம் நிமிஷத்தில் ஜோஃப்ரே அடித்த கோலால் கோவா முந்தியது. மைதானம் முழுவதும் கோவாவின் ரசிகர்கள். எழுந்து நின்று ஆடத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நிமிஷம் சென்றது. கோவாவின் கோல்காப்பாளர் கட்டிமணியின் கை பட்டே பந்து அவருடைய வலைக்குள் புகுந்தது. மேலும் இரண்டொரு நிமிஷத்தில் மெண்டோஸா மூன்றாவது கோலை அடித்தார். 87 நிமிஷ ஆட்டத்தைக் கொண்டு மிச்சம் மூன்று நிமிஷத்தைச் சொல்ல முடியாத ஒரு விளையாட்டில், அக்டோபரைக் கொண்டு டிசம்பரைச் சொல்லிவிடலாம் என்கிறார்கள்!

இது ஒரு விதிவிலக்கு, அபூர்வ சம்பவம், என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆதலால் காரண காரியத்துக்கு வருவோம். கால்பந்து என்பது கோல்கள் மிகக் குறைவாக விழும் ஆட்டம். சராசரியாக ஓர் ஆட்டத்தில் இரு தரப்புக்கும் சேர்த்து மூன்று கோல்கள் என்றால் அதிகம். கிரிக்கெட்டில் முந்நூறு ஓட்டங்களுக்கு நடுவே ஒரு தவறான தீர்ப்பு கரைந்து போகக்கூடும். இங்கே கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, நடுவர் ஊதிய அல்லது ஊத மறந்த ஒரு விசில், ஈரப் புல்லில் வழுக்கிய ஒரு தடுப்பாட்டக்காரரின் கால், இவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று புள்ளிகளை ஒரு கூடாரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடுகிறது. இத்தகைய அதிர்ஷ்ட துரதிர்ஷ்டங்கள் நீண்ட பருவத்தில் ஒருவாறு சமனாகும். நாலைந்து ஆட்டங்களில் சமனாவதற்கு அவகாசமே இல்லை. அட்டவணையின் அநீதி வேறு. ஓர் அணிக்கு ஆரம்பத்திலேயே பலவான்களோடு வெளியூர் ஆட்டங்கள் விழும். இன்னொன்றுக்கு நோஞ்சான்களோடு சொந்த ஊர் ஆட்டங்கள் விழும். எல்லாரும் எல்லாரோடும் ஆடி முடிக்காத புள்ளிப் பட்டியல் என்பது பாதி வாக்குகளை எண்ணிய தேர்தல் முடிவு.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் லீக்கின் விசேஷ நிலைமை ஒன்று உண்டு. ஐரோப்பியக் கழகங்களில் ஏழெட்டு வருஷம் சேர்ந்து ஆடியவர்கள் ஓர் அணியின் முதுகெலும்பாக இருப்பார்கள்; நம் அணிகளிலோ பருவத்துக்குப் பருவம் பாதிப் பேர் புதியவர்கள். பிரேசிலிலிருந்து ஒருவர், லிதுவேனியாவிலிருந்து ஒருவர், மிசோரமிலிருந்து இருவர், வியாசர்பாடியிலிருந்து ஒருவர் என்று வந்து சேர்கிறார்கள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நவம்பர் மாதத்துச் சென்னைப் புழுக்கம் வெளிநாட்டாருக்குப் புதிது. நடுக்களத்தில் பந்தை வைத்திருப்பவன் தலை நிமிர்ந்து பாராமலே வலப்பக்கம் தள்ளிவிட, அங்கே ஓடி வந்திருக்க வேண்டியவன் இரண்டடி பின்னால் நிற்பதையும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கைகளை விரிப்பதையும் பருவத்தின் முதல் ஆட்டங்களில் கவனித்தவர்கள், அது திறமைக் குறைவு அல்ல, பரிச்சயக் குறைவு என்பதைத் தாமே அறிவார்கள். பரிச்சயம் ஆடித்தான் வரும்.

இழந்த புள்ளி இழந்ததே. அதை நான் மறுக்கவில்லை. முதல் ஆட்டத்தில் போன மூன்று புள்ளிகளும் கடைசி ஆட்டத்தில் போகும் மூன்று புள்ளிகளும் ஒரே எடைதான், பருவ முடிவில் அவை குறைந்து போனதற்காக அழ நேரிடலாம். ஆனால் நஷ்டக் கணக்கு வேறு, ஜாதகம் வேறு. நான் சண்டையிடுவது ஜாதகக்காரர்களோடு.

2019-ஆம் வருஷத்து விவகாரம் இவர்களுக்கு இன்னும் தர்மசங்கடமானது. ஜான் கிரெகரியின் பயிற்சியில் மூன்றாவது பருவத்தைத் தொடங்கிய சென்னை அணி, முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல் கூட அடிக்கவில்லை. கோவாவிடம் மூன்று, பெங்களூரிடம் மூன்று என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. முன்கள ஆட்டக்காரர்களுக்குக் கோல்கம்பம் எந்தத் திசையில் இருக்கிறதென்று யாராவது சொல்லிக் கொடுங்கள் என்றெல்லாம் பரிகாசம் நடந்தது. வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியரை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு, சென்னையில். 90 நிமிஷங்கள் சென்னைக்குக் கோலில்லாமலே கழிந்தன. அதாவது பருவம் தொடங்கி ஐந்தாவது முறையாக. கூடுதல் நேரத்தில் ஷெம்ப்ரி ஒரு கோல் அடித்தார். அரங்கம் ஆரவாரித்து அடங்குமுன் ஹைதராபாத் சமன் செய்தது. அரங்கம் தலையில் கை வைத்து உட்காருமுன் வால்ஸ்கிஸ் வெற்றிக் கோலை அடித்தார். ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகளோடு கிரெகரி விடைபெற, ஓவன் காயில் வந்தார். எஞ்சிய பன்னிரண்டு ஆட்டங்களில் இதே அணி 24 புள்ளிகள் சேர்த்தது. அரையிறுதியில் கோவாவை வீழ்த்தி இறுதிவரை சென்றது. அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவருக்குரிய தங்கக் காலணியைப் பெற்றவர் யார்? 15 கோல்கள் அடித்த வால்ஸ்கிஸ். நான்கு ஆட்டங்கள் முழுவதும் கோல் காணாத அணியில், அந்த நான்கு ஆட்டங்களின்போதும், அந்த மனிதர் இருந்துகொண்டுதான் இருந்தார்.

"பயிற்சியாளரை மாற்றியதால்தானே நடந்தது? நாங்கள் கூக்குரலிட்டதால்தானே மாற்றினார்கள்?" என்று உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் கேட்பவர்களையே அது கவிழ்த்துவிடுகிறது. மாற்றினால் சரியாகும் என்றால், தலையெழுத்து எழுதி முடிந்திருக்கவில்லை என்றுதானே அர்த்தம்? இந்த அணி தேறாது என்று சொன்னவரும், ஆளை மாற்றினால் தேறும் என்று சொன்னவரும் ஒருவரே என்றால், அவர் தம் சித்தாந்தத்தைத் தாமே கைவிட்டுவிட்டார். நமக்கு வேலை மிச்சம்.

இனி அவர்கள் பக்கத்து வலுவான சாட்சியை நானே கூண்டில் ஏற்றுகிறேன். 2018-19 பருவத்தில், நடப்புச் சாம்பியனாக இறங்கிய சென்னை அணி, பெங்களூரில் 1-0 என்று தோற்றுத் தொடங்கி, தோற்றுக்கொண்டே சென்று, 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளும் ஒன்பதே புள்ளிகளுமாகப் பத்தாவது இடத்தில், கடைசியில், முடிந்தது. முதல் கோணல் அந்த ஆண்டு முற்றும் கோணலாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் ஆட்டத்துத் தோல்வி கடைசி இடத்துக்குக் காரணமாகிவிடாது. முந்தைய வருஷத்துத் தடுப்பாட்டத்தின் தூணாக இருந்த ஸெரெனோ விலகியிருந்தார். நடுக்களத்தில் வியர்வை சிந்திய தன்பால் கணேஷ் காயத்தால் களமிறங்கவே இல்லை. இந்த இரண்டையும் கவனித்து, "இந்த ஆண்டு கஷ்டம்" என்று ஆட்டம் தொடங்குமுன்பே சொன்னவரை நான் மதிக்கிறேன். அவர் காரணத்தைப் பார்த்துப் பேசினார். புள்ளிப் பட்டியலைப் பார்த்துச் சொன்னவர், 2015-லும் 2019-லும் அதையே சொல்லிப் பொய்த்தவர். மேலும், அந்தக் கடைசி இடத்து அணியே பிப்ரவரி மாதத்தில், பின்னர் கோப்பையை வென்ற பெங்களூரைச் சென்னையில் தோற்கடித்தது. ஏப்ரலில் சூப்பர் கோப்பையின் இறுதியாட்டம் வரை போயிற்று.

நல்ல தொடக்கத்தின் ஜோஸ்யமும் இப்படித்தான். 2021-22-இல் சென்னை அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. முடிவில் 11 அணிகளில் எட்டாவதாக நின்றது. இங்கிலாந்தில் 2008-ஆம் வருஷம், முதன்முறையாக உச்ச லீக்குக்கு உயர்ந்த ஹல் சிட்டி, ஆர்சனலை அதன் மைதானத்திலேயே வென்று, ஒன்பது ஆட்டங்களில் 20 புள்ளிகளோடு முன்னணிக் கழகங்களுக்குச் சரிசமமாக நின்றது. மிச்சமிருந்த 29 ஆட்டங்களிலும் அதற்குக் கிடைத்தவை 15 புள்ளிகளே, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான் கீழ் லீக்குக்குத் தள்ளப்படாமல் பிழைத்தது. ஜெர்மனியில் மைன்ஸ் அணி 2010-இல் முதல் ஏழு ஆட்டங்களையும் வென்று ஐந்தாவதாக முடிந்தது. மறுபக்கம், உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஸ்பெயின் தோற்ற 2010-ஐயும், அர்ஜென்டினா தோற்ற 2022-ஐயும் இவ்வூர்ச் சிறுவர்களே அறிவார்கள்.

இந்த மூடநம்பிக்கையால் கெடுவது ரசிகரின் சந்தோஷம் மாத்திரமானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். முதலில் பலியாகிறவன் இருபது வயதுகூட நிரம்பாத உள்ளூர்ப் பையன். இரண்டு தோல்வி வந்ததும் பயிற்சியாளருக்குப் பதவிப் பயம் பிடித்துக்கொள்கிறது. பயம் பிடித்தவர் பரீட்சை செய்ய மாட்டார். பையனை வெளியே உட்கார வைத்துவிட்டு, முப்பத்தைந்து வயது வெளிநாட்டாரை, முழங்காலில் கட்டோடாவது, இறக்குவார். பிறகு, நம் பையன்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை என்று புலம்புகிறவர்களும் அதே அன்பர்கள்தாம்.

ஆரம்ப ஆட்டங்களைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கச் சொல்கிறேன். 2017 நவம்பர் 19-ஆம் தேதி, பருவத்தின் முதல் ஆட்டத்தில், கோவா அணி சென்னையில் வந்து இடைவேளைக்குள் மூன்று கோல்கள் அடித்தது. பட்டியலுக்கு அவ்வளவுதான் தெரியும். இடைவேளைக்குப் பிறகு சென்னை அணி கோவாவை அதன் பாதிக்குள்ளேயே நெருக்கிவைத்து இரண்டு கோல்களைத் திருப்பியதும், மூன்றாவதை எதிர்பார்த்து அரங்கம் எழுந்து நின்றதும் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த அணிதான் அரையிறுதியில் அதே கோவாவை இதே மைதானத்தில் 3-0 என்று அடித்தது. மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில், பெங்களூர் அணியின் சேத்ரி ஒன்பதாவது நிமிஷத்திலேயே கோல் போட்ட பிறகும், மெய்ல்ஸன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களோடு 3-2 என்று வென்று இரண்டாம் முறையாகக் கோப்பையை எடுத்தது. நவம்பர் 19-இல் இடைவேளையிலேயே எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் பலர். அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியவர்களிடம், காசை ஏன் சார் வீணாக்குகிறீர்கள் என்று அநுதாபத்தோடு விசாரித்தவர்களும் உண்டு. நான்கு நாள் கழித்து நடந்த அந்த ஆட்டத்தில் சென்னை 3-0 என்று வென்றது.