கொண்டச்சிக் கரையும் மாற்றுறுப்பு ஆய்வும்

கொண்டச்சிக் குடாவின் முத்துக்குளிப்பு ஒருகாலத்தில் உலகறிந்தது. மன்னார்க் கடலின் முத்துப் பார்கள் ஆண்டுக்கணக்கில் பொய்த்தபோது, காரணமறியப் பேராசிரியர் ஹேர்ட்மனை 1902இல் குடியேற்ற அரசு இங்கிலாந்திலிருந்து வரவழைத்தது. அவரும் அவருடன் பணியாற்றிய ஹோர்னெல்லும் ஆராய்ந்து கண்டவை 5 தொகுதிகளாக வெளிவந்தன. அந்நியப்பொருள் உட்புகுந்தால் சிப்பி என்ன செய்யும் என்பதும் அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. அரச வருவாய்க்காக அன்று காட்டிய அக்கறை, இக்கரை மக்களின் உடலுக்காக இன்று வேண்டப்படுகிறது.

சிப்பி அந்நியத்தை முத்துறையால் மூடி அடக்கும். மனித உடலோ அதை அழிக்க முனையும். இரண்டாம் உலகப்போரின்போது தீப்புண்பட்டோருக்குப் பிறர் தோலை ஒட்டுவதை ஆராய்ந்த பீற்றர் மெடவர், அதே கொடையாளியின் இரண்டாம் ஒட்டு முன்னதினும் விரைந்து அழிவதைக் கண்டார். உடல் பகையை நினைவில் வைத்திருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று. 1954இல் பொஸ்டனில் சிறுநீரக மாற்று வென்றதும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒருகரு இரட்டையர் என்பதாலேயே. ஏனையோர்க்கு வழிதிறந்த மருந்துகளுள் தலையாயது, நோர்வே மண்ணின் பூஞ்சையொன்றில் கிடைத்த சைக்கிளோஸ்போரின்.

என்பு மச்சை மாற்றிலோ, ஒட்டப்பட்ட கலங்களே பெற்றவரைத் தாக்கக்கூடும். மாற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபொஸ்பமைட் கொடுத்து அத்தாக்குதலைத் தணிக்கும் முறை, எலிகளிடம் தொடங்கிப் பால்ரிமோரில் மனிதரிடம் வந்தது. பாதியே பொருந்தும் தாய் தந்தையரும் கொடையாளராக அது இடந்தந்தது. அம்மருந்து பழையது, விலை குறைந்தது. வறிய நாடுகளுக்கு இதனினும் நற்செய்தி அரிது.

இலங்கையில் மனித இழைய மாற்றுக்கான சட்டம் 1987இலேயே இயற்றப்பட்டது. மன்னார் வீதி தொடங்கும் மதவாச்சிப் புறத்திலோ, காரணம் முற்றும் துலங்காத சிறுநீரக நோய் உழவரை வாட்டுகிறது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் வாழ்நாள் முழுதும் மருந்துண்ண வேண்டும். அம்மருந்துகளுள் ஒன்றான டாக்ரோலிமஸ் குறைந்தால் உடல் உறுப்பைத் தள்ளும். மிகுந்தால் அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆதலால் குருதியில் அதன் அளவைத் தவறாது சோதித்தல் வேண்டும். சிலாவத்துறையிலோ கொண்டச்சியிலோ கடற்றொழில் செய்பவருக்குச் சோதனைக்கான ஒவ்வொரு தொலைப்பயணமும் ஒருநாட் கூலியின் இழப்பு. குருதி மாதிரியை இங்கேயே பெற்று அனுப்பும் ஏற்பாடு செய்வது அரசுக்கு இயலாததன்று.

இழையப் பொருத்தம் மரபுவழியில் அமைவது. என்பு மச்சைக் கொடையாளரின் உலகப் பதிவேடுகளில் ஐரோப்பிய மரபினரே மிகுதி. இவ்வூர்கள் அடங்கிய முசலிக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் கொடையாளர் பதிவில் இடம்பெறுதல் வேண்டும். 2022இன் நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்ததை யாவரும் அறிவோம். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளுக்குத் தனிக் கையிருப்பையும், அதற்குரிய நிதியையும் வரவுசெலவுத் திட்டத்திலேயே சுகாதார அமைச்சு உறுதிசெய்தல் வேண்டும்.