வீடும் நாமும்: சுவருக்கும் மூச்சு உண்டு

கொடைக்கானலில் சொந்த வீடு என்றால் சென்னைவாசிகளான நமக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும். என் சித்திக்கு அந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது. ஏரிக்கு மேலே சரிவில் ஒரு பழைய கல் வீடு. வாசலில் பேரி மரம். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து க்ஷேமம் விசாரித்துவிட்டுப் போகும். அந்த மேகம் சுவரிலும் குடியேறிவிடும் என்பது தெரியாமல் போயிற்று.

மகளும் நாலு வயதுப் பேத்தியும் தன்னோடு வந்து தங்கப் போகிறார்கள் என்றதும், சித்தி படுக்கையறைச் சுவர் முழுவதும் ரோஜாப்பூப் போட்ட காகிதம் ஒட்டச் செய்தாள். ஒரே நாளில் வேலை முடிந்துவிட்டது. அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழையும் வந்து போயிற்று. தை மாதம் நான் போயிருந்தபோது மூலையில் காகிதம் உப்பி நின்றது. விரலால் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பின்னால் கரிக்கட்டையால் தேய்த்தாற்போல் கறுப்புப் பூஞ்சணம்! அந்தச் சுவரோரம்தான் குழந்தையின் கட்டில். இராத்திரியானால் இழுப்பு என்று மூன்று மாதமாக அவளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருமலும் இழுப்பும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே விரிவாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. கட்டிலை அன்றே வேறு அறைக்கு மாற்றினோம். மறுநாள் சித்தி வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே வெளியே போய்விட்டார்.

"என்ன பெரியவரே, சுவர் இங்கேயல்லவா இருக்கிறது?" என்றாள் சித்தி.

"தண்ணி அங்கேயில்ல இருக்கும்மா!" என்றார் அவர்.

உண்மைதான். கூரை ஓரத்துத் தகரத் தாரை உடைந்து, மழைநீரெல்லாம் சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. அது போதாதென்று, சித்தி ஆசையாகப் போட்ட பூப்பாத்தியின் மண், உள்தரை மட்டத்துக்கு மேலே ஒரு முழம் சுவரோடு சாய்ந்து கிடந்தது. சுவர் உறிஞ்சாமல் என்ன செய்யும்?

அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது 1845ல். அந்த நாளைய கல் கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் உயிர். அது ஈரத்தை வாங்கும். வெயில் வந்தால் திருப்பி வெளியே விட்டுவிடும். அறைகளில் கணப்பு எரிந்து சுவரைக் காய வைத்தது. இன்று கணப்பை அடைத்து அதன் மேல் டெலிவிஷன் வைத்துவிட்டோம். சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட், அதற்கும் மேல் காகிதம்! வியர்த்த உடம்புக்கு மழைக்கோட்டு மாட்டிய கதைதான். ஒட்டிய பசை வேறு பூஞ்சணத்துக்கு விருந்து.

சகோதரிகளே, உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. ஓர் அடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் முத்து கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்னால் கட்டியிருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் மருந்து.

சித்தி வீட்டில் தாரையை மாற்றி, மண்ணை வெட்டி அகற்றிய பிறகே உள்வேலை தொடங்கிற்று. காகிதத்தையும் பழைய பெயிண்டையும் சுரண்டி எடுத்தார்கள். சுண்ணாம்பு, பெயிண்டின் மேல் பிடிக்காது. பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறையெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பூத்து நிற்கும் உப்புக்கோ நேர்மாறு: தண்ணீர் விட்டால் கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும்; உலர்ந்த பிரஷ்ஷால்தான் தள்ள வேண்டும்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. பழைய வீட்டுக் கதவு, ஜன்னல்களின் எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசு குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே உப்புத்தாளை உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூசை ஈரத்துணியால் திரட்டி எடுங்கள். வேலை முடியும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

பிறகு காத்திருக்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் சமவெளி வழக்கம். மலையில் அப்போதுதான் மழை ஓய்ந்திருக்கும், சுவர் காய்ந்திருக்காது. "மாசி கழியட்டும்மா" என்றார் கொத்தனார். சித்திக்குப் பொறுமையில்லை. நல்லவேளை, அவர் அசையவில்லை!

பங்குனியில், பெயர்ந்த இடங்களைச் சிமெண்டு தொடாமல் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசி, அது உலர்ந்ததும் வெள்ளையடித்தார். சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். சில நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்து அடிக்க வேண்டும். நாளுக்கு ஒரு மெல்லிய பூச்சாக மூன்று, நாலு பூச்சு. அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது. "காசு தண்டமா?" என்று சித்தி முகம் சுளித்தாள். உலர உலரத்தான் வெளுக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மீண்டும் கல்லாகிறது அது. அதன் காரத்தில் பூஞ்சணமும் எளிதில் தலைதூக்காது.

சமவெளியில் சிமெண்டுச் சுவர் வைத்திருப்பவர்கள் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, அப்புறம் பெயிண்டுக்குப் போகலாம். ஆனால் புதுப் பூச்சாயின் நாலு வாரமாவது காய வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவராயின் முதலில் குழாயைப் பார்க்க வேண்டும்.

இந்த ஐப்பசி மழையும் கடந்துவிட்டது. சித்தியை டெலிபோனில் கூப்பிட்டேன்.

"வடக்கு மூலையில் கொஞ்சம் பொரிந்திருக்கு. பங்குனியில் இன்னொரு கை அடிக்கணும். குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்கறாடி. டாக்டர் மருந்தைக் குறைச்சிருக்கார்" என்றாள்.

"ரோஜாப்பூ இல்லாமல் சுவர் வெறிச்சென்று இல்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தியைத்தான் நாலடி தள்ளிப் போட்டாச்சே. ஜன்னல் வழியாகத் தெரியறது, போ!" என்று சிரித்தாள் சித்தி.